கடைத்தெருவுக்கு வந்த கனிமரம்

பிரிட்டனில் குளிர்காலம் விடைபெறுவதற்குச் சற்று முன்பாக, ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரியிலும், மலிவுவிலைக் கடைகளில் ஒரு புதுச் சரக்கு வந்து இறங்கும். பிஸ்கட்டுக்கும் சலவைத்தூளுக்கும் பக்கத்தில், நீண்ட அட்டைப்பெட்டிகளுக்குள் நிமிர்த்தி வைக்கப்பட்ட குச்சிகள். இலை இல்லை, பூ இல்லை. அடியில் ஈர மட்கு அடைத்த பாலித்தீன் உறை, மேலே வழவழப்பான ஒரு வண்ண அட்டை. அட்டையில் மட்டும் சிவந்த ஆப்பிள்கள் குலுங்கிக்கொண்டிருக்கும். ஆப்பிள், பேரி, பிளம், செர்ரி மரக்கன்றுகளும், ராஸ்பெரி, கூஸ்பெரி, பிளாக்கரன்ட் புதர்ச்செடிகளும் இவ்வாறு சில பவுண்டுகளுக்கு விற்கப்படுகின்றன. (கூஸ்பெரியை நெல்லி என்று பெயர்க்கும் அகராதி வழக்கத்தை இங்கே கைக்கொள்ளவில்லை. இரண்டும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை.)

வரலாறு என்பது அரசர்களின் கதை மட்டுமன்று என்று நாம் மேடைதோறும் சொல்லிக்கொள்கிறோம். ஆயினும் ஒரு பொருளின் விலை எவ்வாறு இறங்கியது, எட்டாதிருந்தது எவர் கைக்கு எப்போது எட்டியது என்பதை அரிதாகவே எழுதுகிறோம். பெட்டிக்குள் நிற்கும் அந்தக் குச்சி அப்படிப்பட்ட ஒரு வரலாற்றின் கடைசி வரி. அதன் முதல் வரிகளைத் தேடிச் செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆப்பிள் விதையை ஊன்றினால் முளைப்பது தாய்மரத்தின் படியன்று. வேறொரு புதிய மரம். பெரும்பாலும் அதன் கனி புளிக்கும், துவர்க்கும், அல்லது சுவையற்றுப் போகும். எப்போதாவது ஒன்று அரிதாக வாய்க்கும். அப்படி வாய்த்ததைப் பெருக்க ஒரே வழி, அதன் குச்சியை வெட்டி வேறொரு வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டுவதுதான். ஏறத்தாழ 1825-இல் ஸ்லோ நகருக்கு அருகே கோல்ன்புரூக்கில் ரிச்சர்ட் காக்ஸ் என்னும் ஓய்வுபெற்ற பீர் வடிப்பாளர் வளர்த்தெடுத்த 'காக்ஸ் ஆரஞ்ச் பிப்பின்' அவ்வாறு வாய்த்த ஒன்று. 1809-இல் நாட்டிங்ஹாம்ஷயரின் சவுத்வெல் ஊரில் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்ட் என்னும் சிறுமி ஊன்றிய விதையிலிருந்து எழுந்தது இன்னொன்று. அந்த வீட்டைப் பின்னாளில் மாத்யூ பிராம்லி என்னும் இறைச்சிக் கடைக்காரர் வாங்கினார். 1856-இல் ஹென்றி மெரிவெதர் என்னும் இளம் நாற்றுப்பண்ணைக்காரர் ஒட்டுக்குச்சி கேட்டு வந்தபோது, பழத்துக்குத் தம் பெயரை வைக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு பிராம்லி இசைந்தார். இன்றும் பிரிட்டனின் சமையல் ஆப்பிள்களில் தலையாயது 'பிராம்லி'தான். விதை ஊன்றிய சிறுமியின் பெயர் பெயர்ச்சீட்டில் இல்லை. பெயர்ச்சீட்டு எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்னும் கேள்வி இந்த வரலாறு நெடுகிலும் நம்மைத் தொடர்ந்து வரும்.

ஒட்டுக்கட்டுதல் பழமையான கலைதான். எனினும் அதன் பயன் எல்லோர்க்கும் ஒப்பக் கிடைக்கவில்லை. செல்வர் மாளிகைகளில் மதில் சூழ்ந்த தோட்டங்கள் இருந்தன. செங்கல் மதில் பகலில் வெயிலை வாங்கி இரவில் திருப்பித் தரும். பேரியும் பீச்சும் அம்மதிலில் விசிறிபோல் விரித்துக் கட்டப்பட்டன. அவற்றைக் கவாத்துச் செய்வதற்கென்றே ஆட்கள் இருந்தனர். நாட்டுப்புறக் குடிசையின் கொல்லையில் ஓர் ஆப்பிள் மரம் நிற்கக்கூடும். ஆனால் அது வீட்டுக் கூரையை மிஞ்சி வளரும். நன்கு காய்க்க ஆண்டுகள் பல ஆகும். பேரி நடுபவர் தம் வாரிசுக்காக நடுகிறார் என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு பழமொழியே உண்டு. தொழிற்புரட்சிக்குப் பின் நகர்களில் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்ட தொழிலாளர் வரிசை வீடுகளில் கொல்லையே கிடையாது. நிலம், காலம், பணம் ஆகிய மூன்றும் இருந்தவனுக்கே கனிமரம் என்பதுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நிலைமை.

இந்தப் பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அஞ்சல் முதலில் ஒன்றைத் திறந்தது. சாமுவேல் ரைடர் (1858–1936) என்னும் வணிகர் செயின்ட் ஆல்பன்ஸ் நகரிலிருந்து விதைகளை ஒரு பென்னிப் பொட்டலங்களாக்கி அஞ்சலில் விற்றார். சனிக்கிழமைப் பிற்பகல் ஓய்வில் தொழிலாளர் மண்ணைக் கிளறுவதற்கு ஏதுவாக, வெள்ளிக்கிழமைகளிலேயே பொட்டலங்களை அனுப்பிவைத்தார் என்று சொல்லப்படுகிறது. 1927-இல் தொடங்கிய 'ரைடர் கோப்பை' கோல்ஃப் போட்டி அவர் பெயரால் வழங்குவது. செல்வரின் ஆட்டத்துக்குக் கோப்பை தந்த பணம் ஏழைகளின் பென்னிகளிலிருந்து திரண்டது என்பது வரலாற்றின் சிறு வேடிக்கை.

அடுத்தது நிலம். 1908-ஆம் ஆண்டின் சிறுநில, ஒதுக்கீட்டு நிலச் சட்டம், நிலமற்றோர் குறைந்த வாடகைக்குத் தோட்டத்துண்டு கேட்டால் அதைத் தேடித்தரும் கடமையை உள்ளாட்சிகளின்மேல் சுமத்தியது. 'அலாட்மென்ட்' என்று அழைக்கப்படும் இத்துண்டின் வழக்கமான பரப்பு சுமார் 250 சதுர மீட்டர். நம் கணக்கில் ஆறு சென்ட். மறு ஆண்டு, 1909 நவம்பர் 5-ஆம் நாள், லிவர்பூல் நகரின் சர்ச் தெருவில் அமெரிக்க வணிகர் ஃபிராங்க் வூல்வொர்த் தம் முதல் பிரிட்டிஷ் கடையைத் திறந்தார். அங்கே எப்பொருளும் ஆறு பென்னிக்கு மேற்படாது. விலையை அந்த வரம்புக்குள் அடக்கப் பல பொருள்களை உறுப்பு உறுப்பாகப் பிரித்து விற்றதும் உண்டு. 1930-களில் நாடெங்கும் பல நூறு கிளைகள் விரிந்தன. தையல் ஊசியும் மிட்டாயும் விற்ற அதே கூரையின்கீழ் விதைகளும் பூங்கிழங்குகளும் ரோஜாச் செடிகளும் வந்து சேர்ந்தன.

அந்த ஆறு பென்னிச் செடிகளுக்கு இலக்கியத்தில் ஒரு சாட்சி உண்டு. 'விலங்குப் பண்ணை' எழுதிய ஜார்ஜ் ஆர்வெல் 1936 வசந்தத்தில் ஹார்ட்ஃபோர்ட்ஷயரின் வாலிங்டன் சிற்றூரில் ஒரு பழைய குடிசைக்குக் குடிபுகுந்தார். வாடகை வாரம் ஏழு ஷில்லிங் ஆறு பென்னி. அவ்வீடு முன்பு ஊரின் மளிகைக்கடையாக இருந்தது. அவரும் சிறிது காலம் அங்கே கடை நடத்தினார். அக்குடிசைத் தோட்டத்தில் தாம் நட்டவற்றைப் பற்றி 'டிரிபியூன்' வார இதழில் 1944 ஜனவரியிலும் 1946 ஏப்ரலிலும் எழுதினார். இரண்டாவது கட்டுரையில் ஒரு கணக்கே தருகிறார். வூல்வொர்த்தில் தலா ஆறு பென்னிக்கு ஐந்து ரோஜாச் செடிகள். நாற்றுப்பண்ணை ஒன்றில் கழித்துக் கட்டிய சரக்கு மொத்தமாகப் பத்து ஷில்லிங். அதில் ஆறு பழமரக் கன்றுகள், மூன்று ரோஜாக்கள், இரண்டு கூஸ்பெரிகள். மரத்தில் ஒன்றும் ரோஜாவில் ஒன்றும் பட்டுப்போயின. எஞ்சியவை அனைத்தும் பன்னிரண்டு ஷில்லிங் ஆறு பென்னிக்குள் அடங்கின. பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற பழைய கணக்கில் பார்த்தால், ஒரு தோட்டம் முழுவதும் இரண்டு வார வாடகையை விடக் குறைந்த விலைக்கு அமைந்துவிட்டது.

இக்கட்டுரைகளில் நம் கவனத்துக்குரியவை இரண்டு. வூல்வொர்த் ரோஜாக்கள் பெயர்ச்சீட்டில் சொன்ன வகையாகப் பெரும்பாலும் இருப்பதில்லை என்கிறார் ஆர்வெல். ஒரு வகை என்று வாங்கியது வேறொன்றாகப் பூத்தது. மஞ்சள் என்று எழுதியிருந்தது கருஞ்சிவப்பாக மலர்ந்தது. அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. பரிசுப்பொட்டலம் பிரிப்பதன் களிப்போடு சொல்கிறார். மலிவுச் சரக்கில் ஏமாற்றமும் வியப்பும் ஒரே உறைக்குள் வருகின்றன என்பதை அறிந்தவரின் சிரிப்பு அது. இன்னொன்று, அந்தக் கழிவுச் சரக்கிலிருந்த நோஞ்சான் காக்ஸ் ஆப்பிள் கன்று. நல்ல கன்றாக இருந்திருந்தால் அது அந்தக் கூட்டத்தில் சேர்ந்தே இராது என்பது அவருடைய ஊகம். பத்தாண்டு கழித்து அது திடமான மரமாகிக் காய்ப்புக்கு ஆயத்தமாக நின்றது. அதன் கனி ஒன்றைக்கூட அவர் உண்டதில்லை. ஆனால் யாரோ உண்பார்கள் என்று அமைதி கொண்டார். பூக்கள் எல்லாம் பூர்ஷ்வாத்தனம் என்று சினந்து தமக்கு ஒரு பெண்மணி கடிதம் எழுதியதையும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். அந்தக் கடிதத்துக்கு ஆறு பென்னி என்ற விலையே விடையாக அமைந்துவிட்டது எனலாம். பூவும் கனியும் பகட்டாக இருந்த காலம் ஒன்று உண்டு. கடைத்தெரு அதை முடித்துவைத்தது.

நிலமும் பணமும் ஒருவாறு எளிதாயின. காலமும் மரத்தின் பேருருவும் என்ன ஆயின? இங்கேதான் கடைக்காரரைக் கடந்து ஆய்வாளரிடம் செல்ல வேண்டியிருக்கிறது. ஒட்டு மரத்தின் உயரத்தைப் பெரிதும் முடிவு செய்வது மேலே ஒட்டப்படும் வகையன்று, அடியிலிருக்கும் வேர்ச்செடி. வளர்ச்சியை ஒடுக்கும் குட்டை வேர்ச்செடிகள் ஐரோப்பாவில் நெடுங்காலமாக இருந்தன. ஆனால் ஒரே பெயரில் பல செடிகளும், பல பெயர்களில் ஒரே செடியுமாகக் குழம்பிக் கிடந்தன. கென்ட் மாவட்டத்தில் 1913-இல் தோன்றிய கிழக்கு மாலிங் ஆய்வு நிலையத்தில் ரொனால்டு ஹாட்டன் இந்தக் குப்பையைக் கிளறத் தொடங்கினார். பல பண்ணைகளின் வேர்ச்செடிகளைத் திரட்டி, நட்டு, ஒப்பிட்டு, தரம் பிரித்து, பழைய பெயர்களை நீக்கி எண்களைச் சூட்டினார். பதிப்பாசிரியர் ஒருவர் பாடபேதங்கள் மலிந்த ஏடுகளை ஒப்புநோக்கி மூலபாடம் காண்பதைப் போன்ற பணி அது.

அவ்வாறு எண் பெற்றவற்றுள் 'எம்.9' உலகப் புகழ் அடைந்தது. அதன்மேல் ஒட்டிய ஆப்பிள் சுமார் மூன்று மீட்டருக்குள் நின்றுவிடும். இரண்டு மூன்று ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். பின்னர் ஜான் இன்னஸ் நிறுவனத்தோடு சேர்ந்து கம்பளி அசுவினியைத் தாங்கி நிற்கும் வேர்ச்செடிகளை உருவாக்கி 1952-இல் வெளியிட்டனர். இன்றைய வீட்டுத்தோட்டங்களில் பரவலாகக் காணப்படும் 'எம்.எம்.106' அவ்வரிசையைச் சேர்ந்தது. தொட்டியில் வளரத்தக்க 'எம்.27'-உம் கிழக்கு மாலிங்கின் கொடைதான். பிரிட்டனில் பயிர்வகை உரிமைச் சட்டம் வந்ததே 1964-இல் என்பதால், எம்.9 போன்றவற்றை எந்தப் பண்ணையும் உரிமைத்தொகை கொடாமல் பெருக்க முடிந்தது. பேரனுக்காக நட்ட மரம் நட்டவனுக்கே காய்க்கும் மரமானது இவ்வாறுதான். அறிவு பொதுவுடைமையாக இருந்ததால் விலை இறங்கிற்று.

இரண்டாம் உலகப்போரில் 'வெற்றிக்காகத் தோண்டு' என்னும் இயக்கம் நாட்டையே தோட்டத்துக்குள் இறக்கியது. ஒதுக்கீட்டுத் துண்டுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 14 இலட்சத்தை எட்டிற்று. வூல்வொர்த்தின் ஆறு பென்னி வரம்போ அதே போரின் விலையேற்றத்தில் மறைந்தது. 1950-களுக்குப் பின் செடி வணிகம் வேறு பாதையில் சென்றது. அதுவரை மரக்கன்றுகள் உறங்கும் பருவத்தில், நவம்பர் முதல் மார்ச் வரை மட்டுமே, மண் உதிர்த்த வெற்று வேரோடு விற்கப்பட்டன. தொட்டியில் வளர்ப்பது பரவியதும் ஆண்டு முழுதும் செடி விற்கலாம் என்றாயிற்று. ஊருக்கு வெளியே பரந்த வண்டி நிறுத்தங்களோடு தோட்ட மையங்கள் எழுந்தன. அவை மகிழுந்து வைத்திருப்போருக்கான இடங்கள். பேருந்தில் வந்து பையில் சுமந்து செல்வோர்க்குக் கடைத்தெருவே எஞ்சியது. வூல்வொர்த், 1930-இல் லெஸ்டர் நகரில் தோன்றிய வில்கோ, 1990-இலும் 1994-இலும் ஜெர்மனியிலிருந்து வந்த ஆல்டி, லிடில் போன்றவை அந்த இடத்தை நிரப்பின.

இக்கடைகளின் மலிவில் மாயம் ஏதுமில்லை. அவை பழைய வெற்றுவேர் முறைக்கே திரும்பின. தொட்டி வேண்டாம், மண்ணின் சுமை இல்லை, ஒரு லாரியில் ஆயிரக்கணக்கில் அடுக்கலாம். பண்ணையில் மொத்தமாக ஒப்பந்தம் செய்துகொண்டு, ஓரிரு ஆண்டுக் கன்றுகளை, மக்கள் பெயரறிந்த சில வகைகளில் மட்டும் இறக்கி, சில வாரங்களில் விற்றுத் தீர்த்துவிடுகின்றன. கென்ட் மாவட்டம் புரொக்டேலில் உள்ள தேசியப் பழத்தொகுப்பில் 2,000-க்கும் மேற்பட்ட ஆப்பிள் வகைகள் காக்கப்படுகின்றன. கடைப்பெட்டியில் நிற்பவை ஒரு கைவிரல்களில் அடங்கும்.

கன்று நல்லதாக இருந்தாலும் கடை அதற்குப் பகை. உறங்க வேண்டிய செடி வெப்பமூட்டிய அறையில், விளக்கொளியில், நாள்கணக்கில் நிற்கிறது. வேர் காய்கிறது, மொட்டு காலம் தவறி விழிக்கிறது. ஆகவே பழகியவர்கள் சரக்கு இறங்கிய நாளிலேயே சென்று வாங்குகிறார்கள். பட்டை சுருங்காமல் இருக்கிறதா, மொட்டு திரண்டு இருக்கிறதா, ஒட்டு கூடிய இடம் உறுதியாக இருக்கிறதா, உறைக்குள் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வீடு சேர்ந்ததும் வேரை ஓரிரு மணிநேரம் நீரில் ஊறவைத்து, தாமதமின்றி நடுகிறார்கள். பருவம் கடந்து பாதி விலைக்கு ஒதுக்கப்பட்டவற்றிலும் தேர்ந்தெடுக்க இடமுண்டு. ராஸ்பெரியின் தண்டு காய்ந்திருந்தாலும் வேரில் உயிர் இருந்தால் புதுத்தண்டு எழும். பிளாக்கரன்ட்டை நட்டவுடன் தரையொட்டி வெட்டிவிடுவதே முறை என்பதால், தண்டின் தோற்றம் பெரிதன்று. இலைவிட்டு வாடிய செர்ரிக்கு அந்தத் தாங்குதிறன் இல்லை.

பெயர்ச்சீட்டின் மௌனம் இங்கேதான் மீண்டும் தலைகாட்டுகிறது. அட்டையில் 'காக்ஸ்' என்று இருக்கும். எந்த வேர்ச்செடியின்மேல் ஒட்டியது என்பது பெரும்பாலும் இராது. மரம் இரண்டு மீட்டரில் நிற்குமா, ஐந்து மீட்டருக்கு எழுமா என்பதை நடுபவர் அறிய வழியில்லை. காக்ஸ் தன் மகரந்தத்தால் தானே நன்கு காய்க்காது; அருகில் வேறு வகை வேண்டும். பிராம்லிக்குக் குரோமோசோம் தொகுதிகள் மூன்று. அதன் மகரந்தம் பிற மரங்களுக்கு ஏறக்குறையப் பயன்படாது. ஒற்றைச் சிறு கொல்லையில் ஒற்றை மரம் நட்டுக் காத்திருப்பவர்க்கு இது சொல்லப்பட வேண்டும். ஹாட்டன் வாழ்நாளெல்லாம் முயன்று நீக்கிய குழப்பம், விலையை ஒட்டும் இடத்தில் மீண்டும் நுழைந்துகொள்கிறது. ஆர்வெல் ரோஜாவின் நிறம் மாறியதற்குச் சிரிக்கலாம். ரோஜா எந்த நிறமானாலும் ரோஜா. காய்க்காத ஆப்பிளைப் பார்த்து அவ்வளவு எளிதாகச் சிரிக்க முடியாது. மலிவின் மெய்யான குறை விலையில் இல்லை, தரத்தில்கூட அவ்வளவாக இல்லை. அந்த விலையைச் சாத்தியமாக்கிய அறிவைக் கன்றோடு சேர்த்துக் கொடுத்தனுப்பாததில் இருக்கிறது.

இதே மௌனம் கன்றுக்குப் பக்கத்து அடுக்கிலும் உண்டு. செங்கல் அளவில் அழுத்தப்பட்ட பழுப்புநிறக் கட்டிகள் அங்கே விற்கப்படுகின்றன. நீரில் போட்டால் ஊதிப் பெருகும். அது தென்னைநார்க் கழிவு. தமிழகமும் இலங்கையும் பெருமளவில் ஏற்றுமதி செய்வது. நெடுங்காலம் பிரிட்டிஷ் தோட்டக்காரர்கள் சதுப்புநிலக் கரிமண்ணையே பயன்படுத்தினர். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே படியும் அம்மண்ணை வெட்டியெடுப்பது பெருங்கேடு என்று உணர்ந்து, வீட்டுத்தோட்டங்களுக்கு அதை விற்பதை 2024-க்குள் இங்கிலாந்தில் தடைசெய்யப் போவதாக அரசு 2022-இல் அறிவித்தது. அவ்வாண்டு தடை வராமலே கழிந்தது. எனினும் மாற்றுப் பொருளாகத் தென்னைநார்க் கழிவு கடைகளில் நிலைபெற்றுவிட்டது. அதன் உப்பை நீக்கக் கழுவ வேண்டும். கழுவ நன்னீர் வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்துக் கிணறுகளை அறிந்தவர்க்கு இதன் பொருள் விளங்கும். கட்டியின் மேலுறையில் விலை இருக்கிறது. அந்த நீர் இல்லை.

இத்தனை குறைகளும் சொல்லிய பின்னும், கடைத்தெருவின் அந்த வாசல் மூடப்படும்போது இழப்பவர் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. வூல்வொர்த் தன் நூற்றாண்டு நிறையவிருந்த ஆண்டின் தொடக்கத்திலேயே, 2009 ஜனவரி 6-ஆம் நாள், 807 கடைகளில் கடைசிக் கதவையும் சாத்தியது. வில்கோ 2023 ஆகஸ்டில் நொடித்து, அக்டோபருக்குள் அதன் ஏறத்தாழ 400 கடைகளும் மூடப்பட்டன. பெயரை வேறொரு நிறுவனம் வாங்கிக்கொண்டது. மகிழுந்து உள்ளவர் தோட்ட மையத்துக்குப் போவார். வகையும் வேர்ச்செடியும் அறிந்தவர் நாற்றுப்பண்ணைக்கு எழுதித் தருவித்துக்கொள்வார். சோப்பு வாங்க வந்த இடத்தில், எண்ணியிராத ஒரு கணத்தில், ஒரு மரத்தை வாங்கி வீடு திரும்பியவர்க்கு இரண்டும் பொருந்தா. மரம் நடுவது தமக்கும் உரியதே என்று அவருக்குச் சொன்னது அந்தக் கடைதான்.

அமெரிக்க எழுத்தாளர் ரெபெக்கா சோல்னிட் வாலிங்டன் சென்று பார்த்ததைத் தம் 'ஆர்வெலின் ரோஜாக்கள்' (2021) நூலில் எழுதியிருக்கிறார். பழமரங்கள் இல்லை, ரோஜாக்கள் இருந்தன. மரங்கள் போய்விட்டன என்றாலும் அவை என்ன விலைக்கு வந்தன, எங்கிருந்து வந்தன, எவை பட்டுப்போயின என்பதை நாம் அறிவோம். வாங்கியவர் கணக்கெழுதி வைத்தார் என்பதே காரணம். இன்று மலிவுக் கடையில் கன்று வாங்குவோரும் அந்த அட்டையைத் தூக்கி எறியாமல், அதன் பின்புறத்தில் ஆண்டையும் கடையையும் விலையையும் குறித்து வைக்கலாம். கடை மூடிய பிறகும், வீடு கைமாறிய பிறகும், யாரோ ஒருவர் பழத்தைக் கடித்துவிட்டு இது எந்த மரம் என்று கேட்கக்கூடும்.